நானூற்றுப் பன்னிரண்டில் இல்லாத ஜினியா

செவ்வாய்ப்பேட்டையில் ஜாக்கெட் துணி மட்டுமே விற்கும் அந்த மேட்சிங் கடையில் நானூற்றுப் பன்னிரண்டு நிறங்கள் இருந்தன. ஷாஹுலுக்கு அத்தனையும் மனப்பாடம். மனப்பாடம் என்றால் எண்ணைச் சொன்னதும் தட்டைக் காட்டுவது அல்ல. ஒரு மாதம் நின்றால் அதை யாரும் பழகிக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கண்ணை மூடியபடியே அவருக்குத் தெரியும். வெந்தய நிறத்திலிருந்து மாம்பழ மஞ்சளுக்கு மூன்று எட்டு வைத்தால் போதும். வெங்காயத்தோல் நிறத்திலிருந்து பீச்சுக்குப் போக ஒரு சந்து திரும்ப வேண்டும். ராமர் பச்சைக்கும் மயில் கழுத்துக்கும் நடுவே ஓடை ஒன்று ஓடுகிறது. இருபத்தாறு வருடமாக அவர் பகலெல்லாம் அந்த ஊருக்குள்தான் நடமாடிக்கொண்டிருந்தார்.

சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்களிடம் அவர் அதிகம் பேசுவதில்லை. ஓரத்தை ஒரு தடவை பார்ப்பார், ஏணியில் ஏறுவார், ஒரே ஒரு சுருளோடு இறங்குவார். பிறகு துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் ஆட்டோ சத்தத்துக்கு நடுவே வெயிலில் விரித்துக் காட்டுவார். கடைக்குள் டியூப்லைட்டில் ஒன்றாக இருக்கும் இரண்டு துணிகள் வாசலுக்கு வந்ததும் பிரிந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெட்டிக் கொடுக்கும்போது மட்டும் மாறாத நாலு வார்த்தை சொல்வார். “மொத தண்ணியில உப்புப் போட்டு அலசுங்க. நிழல்ல காயப் போடுங்க. வெயில்ல போட்டுட்டு அப்புறம் எங்களைக் கேக்காதீங்க.”

அவருடைய வீடு ஓமலூர் சாலையில், டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிட நடை. வீட்டின் மேற்குப் பக்கம், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஆறடி அகலம், முப்பதடி நீளத்துக்கு ஒரு துண்டு மண். காம்பவுண்டு ஹாலோ பிளாக்கில் கட்டியது. பகல் இரண்டு மணிக்கு மேல் அதில் உள்ளங்கையை வைக்க முடியாது. வெயில் வானத்திலிருந்து ஒரு முறை விழும், சுவரில் பட்டு இன்னொரு முறை விழும். குடிவந்த புதிதில் அவர் மனைவி ரஹமத் பீவி அங்கே ரோஜா வைத்தாள், மல்லிகை வைத்தாள். ஒன்றும் பங்குனியைத் தாண்டவில்லை. துணி துவைக்கும் கல் போட மட்டும் அது ஆகும் என்று விட்டுவிட்டாள்.

ஷாஹுல் விடவில்லை. ஏழு வருடம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டினார். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. செத்த செடிகளிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாற்றாக வாங்கி வைப்பது வேறு எங்கோ நிழலில் பிறந்து வளர்ந்தது. இந்தச் சுவரைக் கண்டதும் தலை சாய்ந்துவிடும். இங்கேயே விதையிலிருந்து எழுந்து, முதல் இலை விட்ட நாளிலிருந்தே இந்தச் சூட்டைப் பார்த்து வளர்வதுதான் நிற்கும். அப்படி நின்றவை நாலே நாலு. வாடாமல்லி, கோழிக்கொண்டை, தரையோடு படரும் பட்டு ரோஜா, அப்புறம் ஜினியா. நாலில் அவர் மனம் போய் உட்கார்ந்தது ஜினியாவில். காரணம் எளிது. மற்றவை தம் நிறத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு வருபவை. ஜினியா மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்றைப் புதிதாக நினைத்துக்கொண்டு வரும்.

மாசி முதல் வாரத்தில் விதைப்பார். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கையை உள்ளே விட்டால் சூடே தெரியாத பழைய சாணி எரு ஒரு பங்கு. ஜினியா விதை சின்ன அம்பு முனைபோலத் தட்டையாக இருக்கும். நகத்தால் அழுத்துவார். வளைந்து கொடுத்தால் பதர், எதிர்த்து நின்றால் மணி. விரல் நுனியில் பாதி ஆழம் போதும், மேலே சலித்த மண். ஐந்தாம் நாள் விடியலில் மண் லேசாக மூச்சு விடுவதுபோல் வெடித்து, முதுகை வளைத்துக்கொண்டு முளைகள் எழும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார். தண்ணீர் காலையில் மட்டும், வேரடியில் மட்டும். இலையில் நீர் தங்கினால் சாம்பல் பூத்துவிடும். வேரைச் சுற்றி நிலக்கடலைத் தோலைப் பரப்புவார். ஏறக்குறைய ஐம்பத்தெட்டாம் நாள், ஊரே வெயிலுக்கு ஒளிந்துகொள்ளும் சித்திரையில், அந்தச் சந்து திருவிழாக் கடைத்தெரு மாதிரி எரியும்.

போன வருடச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்தவர் அந்தப் பூவைப் பார்த்தார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த செடி. நடுத்தரமான பூ, அடுக்கும் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால் அதன் நிறம் அவருக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. காய்ந்த சோளத்தட்டைப் போரில் சாயங்கால வெயில் விழுந்து, அந்த வெயிலும் போய், அதன் சூடு மட்டும் மிச்சமிருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நிறம். உள்ளே எங்கோ ஒரு ரோஜாத் திரி எரிந்தது. அவர் மனதுக்குள் தன் ஊரின் எல்லாத் தெருக்களிலும் நடந்து பார்த்தார். பீச் வரைக்கும் போனார், கேசரிப் பக்கம் திரும்பினார், தேன் நிறத்துக் கோடி வீட்டையும் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் அந்தச் சாயலில் இல்லை. எல்லாத் தெருக்களும் முடிந்த பிறகு ஒரு வெளி இருப்பதுபோலவும், அதில் அந்தப் பூ தனியாக நிற்பதுபோலவும் தோன்றியது.

“ரஹமத்து, இங்க வா.”

மாவுக் கையோடு வந்து பார்த்தாள் ரஹமத் பீவி. “என்னத்தை?”

“இந்தக் கலரைப் பாரு.”

“ஆரஞ்சு. கொஞ்சம் வெளுத்த ஆரஞ்சு. நல்லாத்தான் இருக்கு.”

“ஆரஞ்சா?”

“பின்னே நீலமா? சப்பாத்தி கருகுது, நான் போறேன்.”

மகள் ஷிரீன் கல்லூரிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினாள். படத்திலும் அது ஆரஞ்சாகவே இருந்தது. “அத்தா, ஃபில்டர் ஏதும் போட்டுத் தரட்டுமா?” என்றாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் கடையிலிருந்து துண்டுகளை எடுத்து வந்து பூவின் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. கிட்டத்தில் வந்தது இருநூற்றுப் பதினேழு, பீச். அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் நின்றது, உறவுக்காரர் மாதிரி இல்லை. சரி என்று அந்தத் துண்டில் ஒரு விரல் அகலம் கிழித்து அந்தச் செடியின் தண்டில் கட்டினார். அது அவருடைய பழக்கம். விதைக்கு விட வேண்டிய செடிக்கு அதன் நிறத்துத் துணியைக் கட்டிவிடுவார், மறப்பதற்கு வழியில்லை. முந்தின வருடங்களில் எல்லாம் கட்டிய பத்தாம் நாளே விதை எடுத்துவிட்டதால் குறை ஒன்றும் வந்ததில்லை. அந்த வருடம் ஆறு செடிக்குக் கட்டினார். பூக்கள் தண்டிலேயே முற்றிலும் காய்ந்து பழுப்பாகட்டும், விதை நன்றாக முற்றட்டும் என்று வைகாசி வரை விட்டு வைத்தார்.

வைகாசியில் ஒரு பகல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கடையில் இருந்தார். கோடை மழை ஒரு தடவை நனைத்தால் காய்ந்த பூவுக்குள்ளேயே விதை பூசணம் பிடித்துவிடும் என்று ரஹமத் பீவிக்குத் தெரியும். ஓடிப்போய்த் துணி கட்டிய ஆறு செடிகளையும், கட்டிய துணி அவிழாமல், தண்டோடு அறுத்துக் கூடையில் போட்டு உள்ளே வைத்தாள். கவனமாகத்தான் செய்தாள்.

இரவு சாப்பிட்டுவிட்டு ஷாஹுல் கூடையைத் திறந்தார். ஆறு கட்டுத் தண்டுகள், ஆறு துணி. ஆறு துணியும் ஒரே நிறம்: கழுவிக் கழுவிச் சலித்த பாத்திரத் துணியின் வெளிறல். ஒரு மாத அக்னி வெயில் பீச்சையும் வெங்காயத்தோலையும் கேசரியையும் நக்கி முடித்திருந்தது. பூக்கள் எல்லாம் பழுப்பு. எது எந்தச் செடி என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

ரஹமத் பீவி ஒரு துணியை எடுத்து விளக்கில் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “நிழல்ல காயப் போடுங்கன்னு ஊருக்கே சொல்றீங்களே” என்றாள் மெதுவாக.

அவருக்குச் சிரிப்பு வந்தது.  ஆறு காகித உறைகளில் விதையைப் பிரித்துப் போட்டார். ஒன்றில் அந்தப் பூ இருக்கிறது. மாசி வரட்டும்.

மாசி வருவதற்கு முன் குப்பாயி வந்தாள். தாரமங்கலம் பக்கத்துக்காரி, பத்து வருடமாக அவரிடம் மட்டுமே துணி எடுப்பவள். தைத்த ஜாக்கெட்டையே, சேலையோடு சேர்த்து, பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

“ஏனுங்க பாய், என்னோட சேலை கத்தரிப்பூ. இதைப் போட்டுட்டு விசேசத்துக்குப் போனேனுங்க. என்ற தங்கச்சி கேக்கறா, ஏங்க்கா, சேலை ஒருத்தருது ஜாக்கெட் ஒருத்தருதான்னு.”

ஷாஹுல் ஜாக்கெட்டை வாசலுக்குக் கொண்டுபோனார். அவருக்கு அது கத்தரிப்பூவாகவே தெரிந்தது. சேலையின் ஓரத்தையும் அதையும் சேர்த்துப் பிடித்தார். ஒன்றுதான். கடை முதலாளி மோகன்குமார் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். அவன் அப்பா காலத்திலிருந்தே ஷாஹுல் அங்கே இருப்பவர். அவன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜாக்கெட்டைப் பார்த்தான். “அக்கா, புதுத் துணி தர்றோம், தையல் கூலியும் எங்களது” என்று அவளை அனுப்பி வைத்துவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, “பாய், அது காப்பிக் கலர். கண்ணை ஒரு தடவை காட்டிருங்களேன்” என்றான்.

கண் மருத்துவர் நடுவயதுப் பெண். இரண்டு கண்ணிலும் புரை என்றார். “உள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாப் போச்சுங்க பாய். டீ டிகாஷன் ஊத்தின கிளாஸ் வழியாப் பார்க்கிற மாதிரிதான் இத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஆகறதால தெரியாது. ஆபரேஷன் பண்ணிட்டா கலரெல்லாம் மாறித் தெரியும், பயந்துக்காதீங்க.”

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தார். மாலை வெயில் எல்லாவற்றின் மேலும் தேன் தடவியிருந்தது. அது வெயிலா, தன் கண்ணா என்று முதல் தடவையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது. அந்தப் பூ. அந்த நிறம் பூவில் இருந்ததா, கண்ணில் இருந்ததா? கண்ணில்தான் இருந்தது என்றால், அறுவை செய்த அன்றே அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் அந்த நிறத்தைப் பார்த்த ஆள் ஒருவரும் இருக்கமாட்டார், அவர் உட்பட.

மருத்துவரிடம் திரும்பப் போனபோது இதைக் கேட்டார். “முதல்ல ஒரு கண்ணு பண்றீங்க இல்லையா, இன்னொண்ணைச் சித்திரை கழிச்சு வெச்சுக்கலாங்களா?”

“ஒரு மாசத்துல ரெண்டாவதும் பண்ணிடலாமே. ஏன் தள்ளிப் போடறீங்க?”

“ஒரு பூ வரணும். ரெண்டு கண்ணாலயும் பார்க்கணும்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.  பிறகு தேதியை அடித்து எழுதினார்.

மாசி முதல் வாரம் ஆறு உறையிலிருந்தும் பத்துப் பத்தாக அறுபது விதை. இந்த முறை துணி இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குச்சி நட்டு, அதில் செம்புக் கம்பியில் ஒன்று முதல் ஆறு வரை முடிச்சு. செம்பு கறுக்குமே தவிர முடிச்சு அவிழாது. ஐம்பத்து மூன்று முளைத்தன. ஆனால் அவருக்கு ஒன்று தெரியும்: போன வருடம் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் எந்தத் தடையுமில்லாமல் பூவுக்குப் பூ போய் வந்தன. தாயின் நிறம் பிள்ளைக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

பங்குனியில் வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. குனியக் கூடாது, தூசி படக் கூடாது என்றார்கள். செடிகள் ரஹமத் பீவி கைக்குப் போயின. ஷாஹுல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

“வேரடியில ஊத்து. இலை மேல படக் கூடாது.”

“படலை.”

“மூணாவது வரிசையில ரெண்டாவது செடியில பட்டுச்சு.”

“கறுப்புக் கண்ணாடிக்குள்ள இருந்து அதெல்லாம் தெரியுதா? இந்தாங்க, நுனியைக் கிள்ளணும்னீங்களே, எவ்வளவு?”

“நாலு ஜோடி விட்டுட்டு.”

“ஒரு பொம்பளைப் பிள்ளைக்குத் தலை பின்னுற மாதிரியில்ல இருக்குது உங்க ரூலு” என்றாள். ஆனால் கணக்காகக் கிள்ளினாள்.

கண்ணாடியைக் கழற்றிய நாள் அவர் வீட்டுக்குள் மெதுவாகச் சுற்றி வந்தார். வலது கண் காட்டிய வீடு வேறு வீடு. சுவரில் சுண்ணாம்பு அப்போதுதான் அடித்ததுபோல் நீலம் ஓடியது. அவருடைய பனியன்கள் உண்மையிலேயே வெள்ளையாக இருந்தன. தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் நிலா வெளிச்சம் போல ஒன்று பகலிலேயே உட்கார்ந்திருந்தது. உலகம் யாரோ கழுவி, இன்னும் துடைக்காமல், ஈரத்தோடு வைத்த மாதிரி இருந்தது. ரஹமத் பீவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

“இந்தச் சேலை எப்ப வாங்கினது?”

“போன பெருநாளுக்கு நீங்கதானே வாங்கியாந்தீங்க.”

“நான் காப்பிக் கலர்ல வாங்கினேன். இது கத்தரிப்பூ.”

அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டாள். “நல்லவேளை, உங்க கண்ணு கெட்டிருந்துச்சு” என்றாள்.

இடது கண்ணை மூடினால் ஈரமான உலகம். வலது கண்ணை மூடினால் தேன் தடவிய உலகம். உள்ளங்கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவே போய் வந்தார். கடையில் மோகன்குமார் பார்த்துவிட்டு, “எதிர்க்கடைக்காரரைப் பார்த்து ஒத்தைக் கண்ணை மூடாதீங்க பாய், தப்பா நெனைச்சுக்கப் போறாரு” என்றான்.

சித்திரை பிறந்தது. சுவர் கொதிக்கத் தொடங்கியது. ஐம்பத்தாறாம் நாள் முதல் முடிச்சு வரிசை விரிந்தது: அடர் ரோஜாவான ராணி நிறம், சிவப்பு, மறுபடி ராணி. இரண்டாவதில் மஞ்சள். மூன்றாவதில் நல்ல கேசரி. கிட்டப் போய்ப் பார்த்தார், அது இல்லை. தினமும் காலையில் ஒரு தடவை, கடையிலிருந்து வந்ததும் ஒரு தடவை, இடது கண்ணால் மட்டும் வரிசைகளைப் பார்ப்பார். அந்தக் கண்தான் போன வருடத்துச் சாட்சி. நாலாவது, ஐந்தாவது எல்லாம் விரிந்தன. அழகாகத்தான் இருந்தன. பக்கத்து வீட்டு அன்புச்செல்வி மாடியிலிருந்து துணி எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்து, “அண்ணா, உங்க சந்துல மட்டும் வெயிலே இல்லீங்களா?” என்று கேட்டாள். அவர் சிரித்தார், ஆனால் மனம் ஆறாவது வரிசையில் இருந்தது.

ஆறாவதில் ஒன்பது செடி. எட்டு பூத்துவிட்டன. ஒன்பதாவது பிந்தி முளைத்து, பிந்திக் கிள்ளப்பட்ட செடி. அதன் மொட்டு இரண்டு நாள் இறுகிய பச்சை விரல் மாதிரி நின்றது. இடது கண் அறுவைக்கு இன்னும் ஒன்பது நாள்.

ஒரு சனிக்கிழமை மாலை அது திறந்தது. ஷாஹுல் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் முன் குந்தினார். சோளத்தட்டைப் போர், போய்விட்ட வெயில், மிச்சமிருக்கும் சூடு. உள்ளே ரோஜாத் திரி. அதுதான். ஒரு வருடம் எங்கேயோ போயிருந்துவிட்டு அதே வாசல் வழியாக வந்து நின்றது.

வெகுநேரம் அப்படியே இருந்தார். சுவரின் சூடு முதுகில் அடித்தது. பிறகு கையை மாற்றினார்.

வலது கண்ணில் அது பீச். சுத்தமான, பழக்கமான பீச். மூன்றாவது அலமாரி, நாலாவது தட்டு, இருநூற்றுப் பதினேழு. அவர் கையாலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் வெட்டியிருப்பார். சட்டைப் பையிலிருந்து புதிதாக வெட்டிய பீச் துண்டை எடுத்துப் பூவோடு சேர்த்தார். வலது கண்ணில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இடது கண்ணில் பிரிந்தன. டியூப்லைட்டும் வாசலும் செய்யும் அதே வேலையை அவருடைய இரண்டு கண்களும் செய்தன.

ஆக அந்த நிறம் பூவில் இல்லை. அழுக்கான கண்ணுக்குள் இருந்தது. ஒன்பது நாளில் போய்விடும்.

ரஹமத் பீவி வந்து பக்கத்தில் நின்றாள். “வந்துருச்சா?”

“வந்துருச்சு. நீ சொன்னதுதான் சரி.”

 சரியாக இருப்பதில் அவளுக்கு அன்று சந்தோஷம் இல்லை. பக்கத்தில் குந்தி, “ஏங்க, எனக்கு ஒண்ணு தெரியணும். அது எப்படித்தான் இருக்கும்?” என்றாள்.

அவர் சொல்லப் பார்த்தார். சோளத்தட்டைச் சொன்னார், வெயிலைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கடைக்கு வருபவர்களும் அப்படித்தான் வாயால் சொல்வார்கள். வாயால் சொன்ன நிறத்துக்கு யாரும் துணி எடுக்க முடியாது. சேலை ஓரம் கையில் வேண்டும்.

இரவெல்லாம் அவர் பாதித் தூக்கத்தில் தன் ஊரின் தெருக்களில் நடந்தார். விடியும்போது அவருக்கு வழி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மோகன்குமாரிடம் சாவி வாங்கி, வெட்டுத் துண்டுகள் இருக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்வாசலில் பாயை விரித்தார். இத்தனை வருடம் செய்த அதே வேலைதான், ஒரு வித்தியாசத்தோடு. பூவை இடது கண்ணால் மட்டும் பார்ப்பது, பிறகு அதை மூடிவிட்டுத் துணியை வலது கண்ணால் மட்டும் பார்ப்பது. பழைய கண்ணில் இருக்கும் பூவுக்குப் புதுக் கண்ணில் ஒரு ஜோடி தேட வேண்டும். பூதான் சேலை, துணிதான் ஜாக்கெட்.

காலை போனது. துண்டுகள் பாயில் மலையாகக் குவிந்தன. தேன் நிறம் கொஞ்சம் தடித்தது. சந்தனம் செத்திருந்தது. செங்கல் நிறம் சத்தம் போட்டது. ரஹமத் பீவி சோற்றைப் பாய்க்கே கொண்டுவந்து வைத்தாள். ஒரு துணி தனியாக அங்கே போகாது என்று பகலில் அவருக்குப் புரிந்தது. மருத்துவர் சொன்ன டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. இருநூற்றுப் பதினேழை விரித்து, அதன் மேல் கீழே உள்ளது தெரிகிற மெல்லிய டீ நிற வாயில் துணி ஒன்றைப் போட்டார். அருகில் வந்தது. வாயிலை எடுத்துவிட்டு அதைவிட வெளிறிய, பழைய வெல்லத்தின் நிறத்தில் இருந்த ஒன்றைப் போட்டார். கீழே பீச்சுக்கு அடியில் ஒரு பட்டை ராணி நிறத்தை, தெரியாத அளவுக்கு, செருகினார்.

இடது கண்: பூ. வலது கண்: துணி. மறுபடி பூ. மறுபடி துணி. கையை எடுக்க எடுக்க எதுவும் மாறவில்லை.

மூன்று துணியையும் அப்படியே பிடித்துக்கொண்டு, ஊசி நூல் கேட்டு, உள்ளங்கை அளவுக்கு ஓரம் அடித்தார். ஒருநாளும் வெயில் படாதபடி கறுப்பு லைனிங் துணியில் மடித்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். அந்தப் பூவுக்கு நெட் துணியில் சின்னப் பை தைத்து மாட்டிவிட்டார். இனி தேனீ கிட்டே வராது. அது தன் விதையைத் தானே வைத்துக்கொள்ளட்டும். மிச்சமிருந்த எட்டு நாளும், சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் முன் உட்கார்ந்திருந்தார். அந்த எட்டு நாளும் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

இடது கண்ணும் முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் கழற்றிய பிறகு, ஒரு காலையில் பீரோவைத் திறந்தார். எங்கே பார்த்தாலும் இப்போது ஈரமான உலகம்தான். இரண்டு கண்ணும் ஒரே பேச்சுப் பேசின. தேன் எங்கும் இல்லை. மடிப்போடு கையில் எடுத்தார். பகல் வெளிச்சத்தில் அது வெறும் மூன்று துணியாக இருந்துவிடலாம்.

வாசலுக்குக் கொண்டுபோய் விரித்தார். சோளத்தட்டைப் போர் இருந்தது. போய்விட்ட வெயிலின் சூடு இருந்தது.

“ரஹமத்து.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துணியைப் பார்த்தாள். வாங்கி இன்னும் கொஞ்சம் வெயில் பக்கம் பிடித்துப் பார்த்தாள். 

“இதுவா?” என்றாள். “இது ஆரஞ்சு இல்லீங்களே.”

“இல்லை.”

“இது வேற.” விரலால் அதைத் தடவினாள். “போன வருசம் நான் கருகுற சப்பாத்திக்கு ஓடினப்ப நீங்க இதையா பார்த்துக்கிட்டு இருந்தீங்க?”

“ஆமா.”

அவள் துணியைத் தன் கத்தரிப்பூச் சேலையின் தோளில் வைத்துப் பார்த்தாள். ஒத்துவரவில்லை. “எனக்கு இதுல ஒரு ஜாக்கெட் வேணும்” என்றாள்.

“இதுக்கு எந்தச் சேலை ஒட்டும்?”

“அதை என்னைக் கேக்காதீங்க” என்றபடி அவள் துணியை வெயிலிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். “மேட்சிங் உங்க வேலை.”

ஷாஹுல் பின்பக்கம் நடந்தார். நெட் பைக்குள் பூ பழுப்பேறிக் காய்ந்திருந்தது. பையை அவிழ்த்து, ஓர் இதழைப் பிடித்து இழுத்தார். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு அம்பு முனை மாதிரி ஒரு விதை வந்தது. நகத்தால் அழுத்தினார். எதிர்த்து நின்றது.